நிற்காமல் பதினாறு மணி இருபது நிமிடம்

அண்ணியிடம் இரண்டு ஊர்களின் பெயரைச் சொல்லி நடுவில் எவ்வளவு தூரம் என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் அன்றைய பொழுது போயிற்று. அலமாரி மேலிருந்து பூமி உருண்டையை இறக்குவாள், தையல் பெட்டியிலிருந்து நூலை எடுப்பாள், ஒரு நுனியை ஓர் ஊரில் வைத்து நம் விரலால் அழுத்தச் சொல்வாள், மறு நுனியை இழுத்து இன்னோர் ஊரில் வைப்பாள். அடுப்பில் பால் பொங்கினாலும் நாம் விரலை எடுக்க முடியாது.

அவள் வேலையே அதுதான். விமான நிலையத்தின் மூன்றாவது மாடியில், ஜன்னலே இல்லாத ஓர் அறையில் உட்கார்ந்து, விமானம் எந்த வழியாகப் போக வேண்டும், எத்தனை மணி நேரம் ஆகும், எவ்வளவு எரிபொருள் நிரப்ப வேண்டும் என்று திட்டம் போட்டுக் கொடுப்பாள். பன்னிரண்டு வருடமாக இதே வேலை. வீட்டில் நாத்தனார் கூப்பிடுகிற ‘அண்ணி’, தொலைபேசி வழியாக அலுவலகத்துக்கும் தொற்றிக்கொண்டு, இப்போது தலை நரைத்த விமானிகள்கூட அண்ணி என்றுதான் கூப்பிடுகிறார்கள். மேலாளர் ஒருவர்தான் ‘மேடம்’ என்பார். அவர் யாரிடமும் உறவு கொண்டாடுகிறவர் இல்லை.

ஒன்றரை மாதத்துக்கு முன்னால் நாத்தனார் வந்து, உலகத்தின் மறு கோடியில் இருக்கிற அந்த ஊர் எவ்வளவு தூரம் என்று கேட்டபோதும் உருண்டை இறங்கியது, நூல் வந்தது. நூல் நேராகக் குறுக்கே போகாமல் வட துருவத்துக்குப் பக்கத்தில் ஏறி இறங்கியதைப் பார்த்து நாத்தனாருக்குச் சந்தேகம். உங்கள் விமானமும் மீட்டருக்காக ஊரைச் சுற்றுகிற ஆட்டோ மாதிரிதானா என்று கேட்டாள். தாளில் விரித்த வரைபடத்தில்தான் அது சுற்று, உருண்டையில் அதுதான் குறுக்கு வழி என்று அண்ணி நூலை நிமிர்த்திக் காட்டினாள். வளைவு நெளிவு எல்லாம் சேர்த்துப் பதினாலாயிரத்து நானூற்று ஐம்பது கிலோமீட்டர். போகிற திசையில் காற்று எதிரே அடிக்கும். அதையும் தள்ளிக்கொண்டு பதினாறு மணி இருபது நிமிடம்.

“நடுவுல எங்கயும் நிக்காதே அண்ணி? கைக்குழந்தைய வச்சுக்கிட்டு எறங்கி ஏற முடியாது.”

“நிக்காம போகும். நான் சொல்றேன், டிக்கெட்டப் போடு.”

அந்த ஒரு வாக்கில்தான் அண்ணி வசமாக மாட்டிக்கொண்டாள்.

நாத்தனாரின் கணவர் சரக்குக் கப்பலில் எஞ்சினியர். அவள் ஏழு மாதம் சுமந்துகொண்டிருந்தபோது கப்பல் ஏறியவர். ஒன்பது மாதத்தில் திரும்ப வேண்டிய மனிதர். மாற்று ஆள் வரவில்லை, வந்த ஆளுக்கு உடம்பு சரியில்லை என்று ஒன்று மாற்றி ஒன்றாகத் தள்ளிப்போய்ப் பதின்மூன்று மாதம் ஆயிற்று. பிறந்த மகளை அவர் கைபேசித் திரையில் மட்டுந்தான் பார்த்திருக்கிறார். குட்டிக்கோ அப்பா என்றால் செவ்வகமாக, வெளிச்சமாக, அடிக்கடி உறைந்து நிற்கிற ஏதோ ஒன்று. கப்பல் அந்தத் தூரத்து ஊரின் துறைமுகத்தில் மூன்று நாள் நிற்கும் என்று தெரிந்ததும் நாத்தனார் ஒற்றைக் காலில் நின்றாள். பள்ளித் தோழி ஒருத்தி அங்கே இருக்கிறாள், அவள் வீட்டில் தங்கிக்கொள்கிறேன், குழந்தையைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தே ஆவேன் என்றாள். வீட்டில் யாரும் தடுக்கவில்லை.

புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது கப்பலிலிருந்து செய்தி வந்தது. சரக்கு சீக்கிரம் ஏறிவிட்டதாம். மூன்று நாளெல்லாம் கிடையாது. நாத்தனார் போய் இறங்குகிற அன்றைக்கே கப்பல் கிளம்புகிறது. இரவு பத்து மணிக்குள் எல்லாரும் கப்பலில் இருக்க வேண்டும். அதற்கு முந்தைய விமானத்தில் போகலாமென்றால் அது வாரத்துக்கு மூன்று நாள் மட்டும் பறக்கிற விமானம், அன்று பகலில்தான் போயிருந்தது. இதை விட்டால் கப்பல் அடுத்து எந்தக் கரையில், எப்போது நிற்கும் என்று சொல்ல ஆளில்லை.

அண்ணி உட்கார்ந்து நேரத்தைப் போட்டுப் பார்த்தாள். இங்கே பகல் இரண்டு மணிக்குக் கிளம்புகிறது. அந்த ஊர்க் கடிகாரம் நம்மைவிடப் பதினொரு மணி நேரம் பின்னால். அங்கே இறங்கும்போது அதே நாள் மாலை ஏழு இருபது. பாஸ்போர்ட் வரிசை, பெட்டி எல்லாம் முடித்து வெளியே வர எட்டே கால். அவர் விமான நிலையத்துக்கே வந்து காத்திருப்பார், துறைமுகம் திரும்ப ஒன்பதுக்குக் கிளம்பியாக வேண்டும். மிச்சம் நாற்பத்தைந்து நிமிடம். பதினாலாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் போய் நாற்பத்தைந்து நிமிடமா என்று அவள் கணவன் வாய் பிளந்தான். “பத்து நிமிஷம்னாலும் போவேன்” என்றாள் அவன் தங்கை. அதோடு பேச்சு முடிந்தது.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அது அண்ணிக்கு மட்டுந்தான் தெரியும். நிற்காமல் போகும் என்று பெயர் பெற்ற அந்த விமானம் சமீப காலமாக முக்கால்வாசி நாள் நின்றுகொண்டுதான் இருந்தது. குளிர்காலம் வந்து எதிர்க்காற்று பலத்ததும், அதைத் தள்ள நிறைய எரிபொருள் தேவைப்பட்டது. எரிபொருள் ஏற ஏற விமானம் கனக்கும். இந்த எடைக்கு மேல் ஓடுபாதையை விட்டு எழும்பக் கூடாது என்று ஓர் எல்லை உண்டு. ஆள் குறைவாக ஏறிய நாளில் எல்லைக்குள் அடங்கும். ஆள் நிறைந்த நாளில் அடங்காது. அடங்காவிட்டால் குறைவாக நிரப்பிக்கொண்டு கிளம்பி, வழியில் ஓர் ஊரில் இறங்கி மறுபடி நிரப்பிக்கொண்டு போக வேண்டும். இரண்டு மணி ஐம்பது நிமிடம் பாழ். அப்படியானால் நாத்தனார் போய் இறங்கும்போது அங்கே இரவு பத்து பத்து. கப்பல் சங்கு ஊதியிருக்கும்.

முதல் நாள் மாலையே அண்ணி வரைவுத் திட்டத்தைப் போட்டுப் பார்த்தாள். ஒரு இருக்கை பாக்கியில்லாமல் நிறைந்த விமானம். எல்லையைவிட நாலாயிரத்து நூறு கிலோ அதிகம். வழியில் நிறுத்தம் என்று திரையில் சிவப்பாக வந்தது. திருப்பித் திருப்பிப் போட்டாள், அது அசையவே இல்லை. மேலாளர் எட்டிப் பார்த்து, அடுத்த மாதம் முதல் அந்த நிறுத்தத்தை அட்டவணையிலேயே போட்டுவிடலாம் என்று மேலிடத்துக்கு எழுதிவிட்டேன், நிற்காமல் போகும் என்று ஊரை ஏமாற்றுவானேன் என்று சொல்லிவிட்டுப் போனார். ஊரை விடுங்கள். வீட்டில் ஒருத்தி குழந்தைக்குப் புதுச் சட்டை மடித்து வைத்துக்கொண்டிருக்கிறாள். அவளிடம் போய் என்ன சொல்வது? அண்ணி வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்து, தட்டை அளைந்துவிட்டு எழுந்தாள்.

மறுநாள் காலையில் அந்த வீடு பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும், கதையே அங்கேதான் திரும்புகிறது. பகல் இரண்டு மணி விமானத்துக்குப் பதினொரு மணிக்கு நிலையத்தில் இருந்தால் போதும். முக்கால் மணி நேரப் பயணம். பத்து மணிக்குக் கிளம்பினால் தாராளம். ஆனால் எட்டு மணி ஐந்து நிமிடத்துக்கு மொத்தக் குடும்பமும் விமான நிலையத்தில் நின்றது. நாத்தனார், குட்டி, இரண்டு பெட்டி, மாமனார், கணவன், அண்ணி. பயணச்சீட்டுப் பார்க்கும் மேசைகளில் ஓர் ஆள் இல்லை. தரை துடைக்கிற அம்மாள் வந்து, கொஞ்சம் காலைத் தூக்குங்க என்று ஆறு முறை சொல்லிவிட்டாள்.

எப்படி இவ்வளவு சீக்கிரம் வந்தோம் என்று அண்ணிக்குக் குழப்பம். கணவனைக் கேட்டாள். வழியில் இருக்கிற பாலத்தில் நெரிசல் இருக்குமே என்று பத்தை ஒன்பதாகச் சொன்னேன் என்றான். டாக்சிக்காரரோ எட்டுக்கே வந்து ஹாரன் அடித்தாரே? அவருக்கும் பாலம் நினைவுக்கு வந்து, ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டாராம். சரி, எட்டுக்குக் கிளம்பியிருந்தாலும் எட்டே முக்காலுக்குத்தானே வந்திருக்க வேண்டும்? அப்போது மாமனார் தொண்டையைச் செருமினார்.

“கூடத்துக் கடிகாரத்த நாப்பது நிமிஷம் முன்னாடி தள்ளி வச்சு, டாக்சியையும் நாப்பது நிமிஷம் முன்னாடியே வரச் சொல்லிட்டேம்மா.”

“எதுக்கு மாமா?”

“அந்தப் பாலத்துல நெரிசல் இருக்கும்ல.”

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கணவன் அப்பாவைப் பார்த்தான், அப்பா மகனைப் பார்த்தார். ஒருத்தருக்கொருத்தர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டால், நீ சொன்ன நேரம் போதாது என்று மூஞ்சிக்கு நேரே எப்படிச் சொல்வது, மனசு சங்கடப்படுமே என்கிறார் மாமனார். அண்ணியும் சிரிக்கத்தான் வாயெடுத்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. இருப்பது ஒரே ஒரு பாலம். மூன்று பேர் அதற்காகத் தனித்தனியே நேரம் சேர்த்திருக்கிறார்கள். பாலம் மூன்றாகிவிடுமா என்ன?

அவள் கையிலிருந்த குட்டியின் பால் புட்டியை அப்படியே மாமனார் கையில் திணித்துவிட்டு மாடிப்படி ஏறினாள். மின்தூக்கிக்குக்கூட நிற்கவில்லை.

அந்த அறையில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் எழுதி வைத்ததில்லை, ஆனால் எல்லாரும் கடைப்பிடிப்பார்கள். அடுத்தவர் போட்ட எண்ணைக் கேள்வி கேட்பதில்லை. கேட்டால் அவருடைய வேலையை நம்பவில்லை என்று ஆகிவிடும். நம்பிக்கை கொஞ்சம் குறைவாக இருந்தால், சத்தமில்லாமல் நம் பங்குக்குக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ள வேண்டியது. அதுதான் மரியாதை. அண்ணியே பன்னிரண்டு வருடமாகச் சேர்க்கிறாள். எதிர்க்காற்று அறிக்கையில் சொன்னதைவிடப் பலமாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று, சட்டம் கேட்கிற எரிபொருளுக்கு மேலே இருபது நிமிடத்துக்கானதைப் பொடி எழுத்தில் ஒரு மூலையில் போட்டுவிடுவாள். கேப்டன்கள் வந்தால் தங்கள் பங்குக்கு அரை மணி நேரத்துக்கானதைக் கேட்பார்கள். பெண்டாட்டி பிள்ளைகளுக்காக என்பார்கள். எப்படியும் கேட்பார்கள் என்று அதையும் முதலிலேயே சேர்த்துவிடுவாள். இரண்டும் ஒரே காற்றுக்காகத்தான் என்பது இத்தனை நாளாக அவளுக்கு உறைக்கவே இல்லை.

இருபதும் முப்பதும் ஐம்பது. அப்படியானால் காற்றுக்காரர்?

காற்றுக்காரர் அந்த அறையின் வடக்கு மூலையில் நான்கு திரைகளுக்கு நடுவே இருப்பார். எந்த உயரத்தில், எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில் காற்று அடிக்கிறது என்று சொல்வது அவர் பொறுப்பு. பழுத்த அனுபவசாலி, சாது, சட்டைப் பையில் எப்போதும் ஒரு பொட்டலம் வறுத்த கடலை. அவரிடம் போய் நேரடியாகக் கேட்பது எப்படி? அண்ணி முதலில் தன் குட்டையே உடைத்தாள். நான் இருபது நிமிடம் சேர்க்கிறேன் சார், பன்னிரண்டு வருடமாக, உங்கள் எண்ணை நம்பாமல்தான் சேர்க்கிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றாள். சொல்லும்போது முகம் சிவந்துவிட்டது.

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். மனிதர் கடலையை மெல்வதை நிறுத்தினார். முகத்தில் ஈயாடவில்லை.

“நானும் சேக்கிறேம்மா” என்றார். “மணிக்குப் பதினஞ்சு கிலோமீட்டர். எதிர்க்காத்து எவ்வளவு வந்தாலும் அது மேல பதினஞ்சு. ஒரு தடவ கம்மியாச் சொல்லி, எல்லார் முன்னாடியும் வாங்கிக் கட்டிக்கிட்டேன். அதுலேர்ந்து.”

அது எத்தனை வருடத்துக்கு முன்னால் என்று கேட்டாள். பத்தொன்பது என்றார். பாவம், பத்தொன்பது வருடமாக அந்த மனிதர் ஒரு திட்டு வாங்கியதற்காக வானத்துக் காற்றையே வேகப்படுத்தி வைத்திருக்கிறார்.

பதினாறு மணி நேரப் பயணத்தில் அந்தப் பதினைந்து கிலோமீட்டர் என்பது பதினேழு நிமிடம். அவருடையது பதினேழு, இவளுடையது இருபது, இரண்டும் சேர்ந்து முப்பத்தேழு நிமிட எரிபொருள். எடை மூவாயிரத்து எழுநூறு கிலோ. வேடிக்கை அதோடு முடியவில்லை. அந்த வெட்டிச் சுமையைப் பதினாறு மணி நேரம் தூக்கிக்கொண்டு பறப்பதற்கே இன்னும் ஆயிரத்து ஐந்நூறு கிலோ எரிபொருள் செலவாகும். அதையும் யோக்கியமாகத் திட்டத்தில் ஏற்றியிருந்தார்கள். மொத்தம் ஐயாயிரத்து இருநூறு. எல்லையைத் தாண்டியதோ நாலாயிரத்து நூறுதான். அண்ணி எண்களை ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தாள். இந்த இரண்டையும் எடுத்துவிட்டால், கேப்டனின் அரை மணி நேரத்தை அப்படியே விட்டு வைத்தாலும், எல்லைக்கு ஆயிரத்து நூறு கிலோ கீழே நிற்கிறது. விமானம் நிற்க வேண்டியதில்லை. இத்தனை நாளும் அதைத் தரையிறக்கியது காற்று இல்லை, இவர்கள்தான்.

ஆனால் கணக்கு சரியாக இருந்தால் மட்டும் போதுமா? ஆகாயத்தில் போகிற முன்னூறு உயிர். அதில் இரண்டு அவள் வீட்டு உயிர். எனக்கு வேண்டியவள் போகிறாள் என்பதற்காக நான் குறைக்கிறேனா என்று அவளே தன்னைக் கேட்டுக்கொண்டாள். நல்ல கேள்வி, அதற்குப் பதில் வேண்டும். பதில் எங்கே இருக்கும் என்று யோசித்தாள். போய் இறங்கிய விமானத்தின் தொட்டியில் எவ்வளவு மிச்சம் இருந்தது என்று ஒவ்வொரு முறையும் ஒரு குறிப்பு வரும். அது வேறு ஒரு பிரிவின் கோப்பில் போய்ப் படுத்துக்கொள்ளும். திட்டம் போடுகிற அறையில் அதை யாரும் திரும்பிப் பார்த்ததே கிடையாது. போனதைப் போய்ப் பார்ப்பானேன், வருவதைப் பார்ப்போம் என்பதும் அந்த அறையின் வழக்கம்தான்.

அண்ணியும் காற்றுக்காரரும் கோப்பைத் திறந்து உட்கார்ந்தார்கள். போன குளிர்காலத்திலும் இந்தக் குளிர்காலத்திலும் ஆள் குறைவாக ஏறி, அதனால் நிற்காமல் போனவை இருபத்து மூன்று. இருபத்து மூன்றிலும் சட்டம் கேட்கிறதைவிட அதிகமாக மிச்சம். மிக அதிகம் எழுபது நிமிடம். மிகக் குறைந்தது, காற்று பேய் மாதிரி அடித்த ஒரு நாளில், நாற்பத்தொரு நிமிடம். அந்த நாளிலும் முப்பத்தேழு நிமிடம் சும்மாதான் போய் வந்திருக்கிறது. காற்றுக்காரர் பொட்டலத்தை நீட்டினார். அண்ணி ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். அப்போதுதான் நேற்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை என்பது ஞாபகம் வந்தது.

பத்து மணிக்கு மேலாளர் வந்தார். இருவரும் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார்கள். அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. இத்தனை வருடமாக என் அறையில் ஆளாளுக்கு இஷ்டத்துக்குச் சேர்த்திருக்கிறீர்கள், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று ஆரம்பித்து, கால் மணி நேரம் நின்றுகொண்டே திட்டினார். திட்டுவது நியாயம்தான். அப்புறம் உட்கார்ந்து, இருபத்து மூன்று வரியையும் விரல் வைத்துப் படித்தார். படித்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

“உங்க நாத்தனார் இன்னிக்கு இதுல போறாங்க இல்ல?”

“போறாங்க சார். குழந்தையோட.”

“இல்லன்னாலும் இத என்கிட்ட கொண்டு வந்திருப்பீங்களா?”

அண்ணி பொய் சொல்லவில்லை. “கண்டுபிடிச்சிருக்கவே மாட்டேன் சார்” என்றாள். “ஆனா கண்டுபிடிச்சது நிஜம். சட்டம் கேக்கிறதுல ஒரு சொட்டுகூட நான் தொடல. ஒரு காத்துக்கு ஒருத்தர் சேத்தா போதும். அந்த ஒருத்தர் கேப்டனா இருக்கட்டும். யாரு, எவ்வளவு, எதுக்குன்னு திட்டத்துலயே எழுதிடறேன். அவரு படிச்சுட்டு முடிவு பண்ணட்டும்.”

மேலாளர் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, கேப்டன் ஒத்துக்கொண்டால் எனக்கு ஆட்சேபம் இல்லை, ஒரு வார்த்தை முணுமுணுத்தாலும் நிறுத்தம்தான் என்றார்.

பன்னிரண்டு மணிக்குக் கேப்டன் வந்தார். ஓய்வு பெற இரண்டு வருடமே இருக்கிற மனிதர், பேச்சில் சிக்கனம். வந்ததும் வராததுமாக, பெண்டாட்டி பிள்ளைகளுக்காக ஓர் அரை மணி என்று ஆரம்பித்தார். போட்டிருக்கிறேன் கேப்டன், அது மட்டுந்தான் இருக்கிறது, மற்றதை எல்லாம் எடுத்துவிட்டேன் என்று அண்ணி தாளை அவர் முன் வைத்தாள். மற்றது என்றால் எது என்று அவர் புருவத்தைத் தூக்கினார். சொன்னாள். காற்றுக்காரரும் எழுந்து வந்து தன் பதினைந்து கிலோமீட்டரைத் தன் வாயாலேயே சொன்னார். கேப்டன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மூக்குக்கண்ணாடியை மாட்டி, இருபத்து மூன்று வரியையும் மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் என்று இரண்டு தடவை படித்தார். அண்ணி புடவைத் தலைப்பைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

“இருபது வருஷமா நான் எறங்குறப்பல்லாம் தொட்டியில மிச்சம் இருக்கு” என்றார் கேப்டன் கடைசியில். “நான்தான் கெட்டிக்காரத்தனமா ஓட்டுறேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்.”

சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பாதி வழி தாண்டியதும் மிச்சத்தைப் பார்ப்பேன், ஐந்து நிமிடம் குறைந்தாலும் போய் இறங்கி நிரப்பிக்கொள்வேன், அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது என்றார். நீங்கள் அப்படிச் செய்யாவிட்டால்தான் குறை சொல்வேன் என்றாள் அண்ணி.

இரண்டு மணிக்கு விமானம் எழும்பியது. அறையில் ஜன்னல் இல்லையென்று சொன்னேன் இல்லையா, அதனால் அண்ணி மாடிப்படி வளைவில் இருக்கிற சின்னக் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தாள். கனத்த விமானம், ஓடுபாதையின் கடைசி வரை ஓடி, நிதானமாகத் தரையை விட்டது. அது மேகத்துக்குள் போகிற வரைக்கும் அவள் அங்கிருந்து நகரவில்லை. நாத்தனாரிடம் அவள் எதையுமே சொல்லவில்லை. போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

அன்று இரவு தூங்கினாளா என்று என்னைக் கேட்காதீர்கள். விடிந்தும் விடியாமலும் அவள் மூன்றாவது மாடியில் இருந்தாள். காற்றுக்காரருக்கு அன்று விடுமுறை. அவரும் இருந்தார். திரையில் நடு வழியிலிருந்து வந்து கிடந்த செய்தி மூன்றே சொல்: “மிச்சம் போதும். நிற்கவில்லை.” அண்ணி அதை ஏழெட்டுத் தடவை படித்தாள். திரையில் இருந்த சின்ன விமானப் படம், இத்தனை நாள் இறங்கிக்கொண்டிருந்த அந்த ஊரைத் தாண்டி எங்கேயோ போய்விட்டிருந்தது. காற்று அவள் எதிர்பார்த்ததைவிட இளகியே இருந்தது.

ஆறு மணி ஒன்பது நிமிடத்துக்குத் தரையிறங்கியது. பதினாலாயிரத்து நானூற்று ஐம்பது கிலோமீட்டர், பதினாறு மணி ஒன்பது நிமிடம். சொன்ன நேரத்துக்குப் பதினொரு நிமிடம் முன்னதாக. தொட்டியில் சட்டம் கேட்டது முழுசாக இருந்தது, கேப்டனின் அரை மணியும் முழுசாக இருந்தது. பெண்டாட்டி பிள்ளைகளுக்காக அவர் வாங்கிப் போனதை ஒரு சொட்டுக் குறையாமல் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். அண்ணி மேசையை ஓங்கித் தட்டினாள். பன்னிரண்டு வருடத்தில் அந்த அறையில் அவள் போட்ட முதல் சத்தம் அது. காற்றுக்காரர் பொட்டலத்திலிருந்த கடலை மொத்தத்தையும் மேசையில் கொட்டி, சாப்பிடுங்கள் எல்லாரும் என்று அறையையே கூப்பிட்டார். பக்கத்து மேசைக்காரர்கள் என்ன ஏது என்று தெரியாமலே வந்து தின்றார்கள்.

ஏழரைக்கு மேலாளர் வந்தார். திரையைப் பார்த்தார். தன் மேசையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். அடுத்த மாதம் முதல் வழியில் நிறுத்தம் என்று மேலிடத்துக்கு எழுதியிருந்தாரே, அதன் நகல். அதை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டு, திட்டத் தாளில் புதுசாக ஒரு கட்டம் வேண்டும், யார், எவ்வளவு, எதற்கு என்று, இன்றைக்கே போடுங்கள் என்றார். அறை வாசல் வரை போனவர் திரும்பி நின்றார்.

“நாத்தனார் போன் பண்ணாங்களா அண்ணி?”

அவர் வாயில் அந்தச் சொல் வந்ததை மொத்த அறையும் கேட்டது. இன்னும் இல்லை சார் என்றாள் அண்ணி.

எட்டு மணி இரண்டு நிமிடத்துக்குப் போன் வந்தது. அங்கே இரவு ஒன்பது இரண்டு. முதலில் விமான நிலைய இரைச்சல்தான் கேட்டது, பின்னால் குட்டி ஏதோ மழலையில் கத்திக்கொண்டிருந்தாள். நாத்தனார் மூக்கை உறிஞ்சினாள். பிறகு ஒரே மூச்சில் கொட்டினாள்.

“அம்பத்தாறு நிமிஷம் அண்ணி. எட்டு நாலுக்கு வெளிய வந்துட்டோம். மொதல்ல அவரப் பாத்து அழுதா. அப்புறம் போன்ல தட்டுற மாதிரி அவர் மூஞ்சியத் தட்டித் தட்டிப் பாத்தா. அப்புறம் மீசையப் புடிச்சுக்கிட்டு விடவே மாட்டேன்னுட்டா. விரல் விரலாப் பிரிச்சுத்தான் எடுத்தோம். இப்பத்தான் வண்டி ஏறுனாரு.”

அண்ணிக்குக் கண்ணில் பொலபொலவென்று கொட்டியது. கைக்குட்டை தேடிய காற்றுக்காரர் கிடைக்காமல், அன்றைய காற்று அறிக்கையை எடுத்து நீட்டினார். அவள் அதிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“அவரு கேட்டாரு அண்ணி. இந்த விமானம் எப்பவும் நடுவுல நின்னுதானே வருது, கப்பல்ல எல்லாரும் அப்படித்தான் சொன்னாங்க, நீங்க வரமாட்டீங்கன்னு நெனச்சேன், இன்னிக்கு மட்டும் எப்படி நிக்காம வந்துச்சுன்னு.”

“நீ என்ன சொன்ன?”

“எங்க அண்ணி நிக்காதுன்னு சொன்னாங்க, அதனால நிக்கலன்னு சொன்னேன்.”